"புத்தி சரியில்லை" என்று யார் சொல்வது? எப்படிச் சொல்வது? – ஒரு சிறு வரலாறு



கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள். வயதான பெற்றோர் உள்ள எந்த வீட்டுக்கும் ஒருநாள் வரக்கூடிய விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

நமது ஊர்களில் அடிக்கடி காதில் விழும் இரண்டு பேச்சுகள் உண்டு.

ஒன்று: "உம்மாக்கு இப்ப எல்லாம் மறதி. அவகிட்ட என்னத்தக் கேக்கிற? நாங்களே முடிவெடுப்பம்."

மற்றது: "வாப்பா நல்ல நினைவோடதான் இருந்தார். அவராத்தான் விரல வெச்சார். நாங்க ஒண்டும் சொல்லல்ல."

முதலாவது, பெரியவர் உயிரோடு இருக்கும்போது சொல்லப்படுவது. இரண்டாவது, அவர் மௌத்தான பிறகு காணித் தகராறில் சொல்லப்படுவது. சில குடும்பங்களில் ஒரே ஆளைப் பற்றி ஒரே பிள்ளைகள் இரண்டையும் சொல்வார்கள். வைத்தியம், வீடு, சாப்பாடு என்று வரும்போது அவருக்குப் புத்தி இல்லை. உறுதி எழுதும்போது மட்டும் புத்தி திரும்பி வந்துவிடுகிறது!

இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே கேள்விதான். ஒரு மனிதர் தன் விஷயத்தில் தானே முடிவெடுக்கும் ஆற்றலோடு இருக்கிறாரா என்பதை எப்படி அறிவது? இது இன்று நேற்று வந்த கேள்வி அல்ல. ஆயிரம் வருடங்களுக்கு மேலாக மார்க்க அறிஞர்களும் நீதிபதிகளும் வைத்தியர்களும் இதோடு மல்லுக்கட்டி வந்திருக்கிறார்கள். வரலாறு படிப்பிக்கிறவன் என்ற முறையில், அந்தப் பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

🔹 மதீனாவில் ஒரு வியாபாரி

ஹதீஸ் நூல்களில் ஒரு மனிதரின் செய்தி வருகிறது. அவர் பெயர் ஹப்பான் இப்னு முன்கித் என்று சில அறிவிப்புகளிலும், அவருடைய தந்தை முன்கித் என்று வேறு சிலவற்றிலும் வரும். தலையில் பட்ட ஒரு காயத்தால் அவருக்குப் பேச்சுக் குழறும், விளக்கமும் கொஞ்சம் குறைந்துவிட்டது. ஆனால் வியாபாரத்தை விடவில்லை. சந்தையில் ஏமாந்துகொண்டே இருந்தார்.

குடும்பத்தார் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, இவர் கொடுக்கல் வாங்கல் செய்வதற்குத் தடை போடுங்கள் என்று கேட்டார்கள். நபியவர்கள் அவரையே அழைத்துப் பேசினார்கள். வியாபாரத்தை விட்டுவிடும்படி சொன்னபோது, என்னால் அது முடியாது என்றார் அவர். அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். அவருக்குத் தடை வரவில்லை. ஒரு வழி வந்தது. வாங்கும்போதும் விற்கும்போதும் இதில் ஏமாற்று இருக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடும்படி நபியவர்கள் அவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்க மூன்று நாள் அவகாசமும் கொடுக்கப்பட்டதாக அறிவிப்பு இருக்கிறது.

இதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. முறைப்பாடு செய்தது குடும்பம். ஆனால் கேட்கப்பட்டது அந்த மனிதரின் வாயால். அவருடைய குறையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் குறைக்கு ஏற்ற உதவி கிடைத்தது, உரிமை பறிபோகவில்லை. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள். பல நூற்றாண்டு சுற்றிவிட்டு உலகச் சட்டங்கள் கடைசியில் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன.

🔹 இமாம்களின் கருத்து வேறுபாடு

சூரா நிஸாவின் தொடக்க வசனங்கள் அநாதைகளின் சொத்தைப் பற்றிப் பேசும்போது, அவர்களைச் சோதித்துப் பார்க்கும்படி சொல்கின்றன. அவர்களிடம் 'ருஷ்த்' எனும் விவேகத்தைக் கண்டால் சொத்தை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும், கொடுக்கும்போது சாட்சி வைக்க வேண்டும். அவர்கள் வளர்ந்துவிடுவார்களே என்று பொறுப்பாளர் அவசர அவசரமாக அதைத் தின்றுவிடக்கூடாது என்ற எச்சரிக்கையும் அங்கேயே இருக்கிறது. அதாவது சோதிக்கப்படுபவரை மட்டுமல்ல, சோதிப்பவரையும் சந்தேகத்தோடு பார்க்கச் சொல்லும் வசனம் அது.

எப்படிச் சோதிப்பது? நம் நாட்டில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின் முக்கிய நூலான மின்ஹாஜில், 1277இல் வஃபாத்தான இமாம் நவவி அவர்கள் தரும் விளக்கம் ஓர் ஆசிரியனுக்கு மிகவும் பிடிக்கும். எல்லாருக்கும் ஒரே வினாத்தாள் இல்லை. வியாபாரியின் பிள்ளையை வாங்கல் விற்றலிலும் பேரம் பேசுவதிலும் சோதிக்க வேண்டும். விவசாயியின் பிள்ளையை விவசாயத்திலும் வேலையாட்களுக்கான செலவிலும் சோதிக்க வேண்டும். பெண்பிள்ளையை நூல் நூற்பதிலும், உணவைப் பூனை தின்னாமல் காப்பது போன்ற வீட்டுக் காரியங்களிலும் சோதிக்க வேண்டும். அந்தக் காலத்துப் பெண்ணின் அன்றாட வேலை அது. அவரவர் வாழ்க்கையில் அவரவர் செய்யும் வேலையை வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் இதன் கருத்து. அதுவும் ஒரு தடவை போதாது, திரும்பவும் பார்க்க வேண்டும்.

வளர்ந்த பிறகும் காசை வீணாக்கும் ஒருவரை என்ன செய்வது என்பதில் இமாம்கள் கடுமையாகக் கருத்து வேறுபட்டார்கள். 767இல் வஃபாத்தான இமாம் அபூ ஹனீஃபா அவர்கள், புத்தியுள்ள ஒரு வளர்ந்த மனிதரின் கொடுக்கல் வாங்கலுக்கு, அவர் ஊதாரி என்ற காரணத்துக்காகத் தடை போட முடியாது என்றார்கள். விவேகம் வராமலே பருவமடைந்தவரின் சொத்தைக்கூட 25 வயது வரைதான் பிடித்து வைக்கலாம், அதன் பிறகு கொடுத்துவிட வேண்டும். ஹனஃபி நூல்களில் இதற்குச் சொல்லப்படும் நியாயம் ஆழமானது. ஒரு மனிதனுடைய சொல்லைச் செல்லாததாக்குவது அவனை மனிதன் என்ற நிலையிலிருந்தே இறக்குவதாகும், சொத்து நட்டப்படுவதைவிட அது பெரிய நட்டம்.

அவருடைய மாணவர்களான அபூ யூசுஃபும் முஹம்மதும் ஆசிரியரோடு உடன்படவில்லை. இமாம் ஷாஃபியும் வேறு பலரும்கூட, தடை போடலாம் என்ற பக்கம்தான். ஆனால் ஷாஃபி மத்ஹபில், விவேகத்தோடு இருந்து பிறகு ஊதாரியானவருக்குத் தடை விதிப்பது காதியின் வேலை. பிள்ளைகள் கூடிப் பேசி முடிவெடுக்கும் விஷயம் அல்ல. சித்தம் கலங்கியவருக்கோ, தெளிந்தவுடன் தடை தானாகவே நீங்கிவிடும்.

இன்னொரு நுட்பமும் ஹனஃபி சட்டத்தில் இருக்கிறது. முழுப் பைத்தியமும் அல்ல, முழுத் தெளிவும் அல்ல என்ற நிலையில் உள்ளவரை 'மஃதூஹ்' என்பார்கள். அவர் ஓர் அன்பளிப்பை ஏற்றால் செல்லும், ஏனென்றால் அதில் அவருக்கு நன்மை மட்டும்தான். தன் சொத்தை அவர் தானமாகக் கொடுத்தால் செல்லாது, ஏனென்றால் அதில் அவருக்கு இழப்பு மட்டும்தான். வாங்கல் விற்றல் போன்று இரண்டுக்கும் இடம் உள்ளதென்றால் பொறுப்பாளர் சம்மதிக்க வேண்டும். ஒரே மனிதர், ஒரே நிலை. ஆனால் காரியத்தைப் பொறுத்துத் தீர்ப்பு மாறுகிறது. இந்த இடத்தை மறக்க வேண்டாம்.

🔹 எம்மாவிடம் கேட்ட கேள்விகள்

இப்போது இங்கிலாந்துக்குப் போவோம். காரணம் இருக்கிறது. இன்று நமது மாவட்ட நீதிமன்றங்களில் நடக்கும் முறைகளில் நிறைய விஷயங்கள் வெள்ளைக்காரர் ஆட்சியோடு இங்கே வந்தவை.

14ஆம் நூற்றாண்டின் தொடக்கமளவில் ஆங்கிலச் சட்டம் இரண்டு வகை மனிதரைப் பிரித்தது. பிறவியிலேயே புத்தி குறைந்தவர் ஒரு வகை. இடையில் புத்தி தடுமாறியவர் மற்ற வகை. முதல் வகையினரின் நிலத்தை அரசர் எடுத்து, அவருக்குச் சாப்பாடும் தேவைகளும் கொடுத்துவிட்டு, மிச்ச வருமானத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் வகையினரின் நிலத்தைப் பாதுகாத்து வைத்து, தெளிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆக, ஒருவர் எந்த வகை என்று தீர்மானிப்பதில் காசு சம்பந்தப்பட்டிருந்தது.

1383இல் நோர்போக் பகுதியில் உள்ள லின் என்ற துறைமுகப் பட்டினத்தில் எம்மா டி பெஸ்டன் என்ற சொத்துள்ள பெண் விசாரிக்கப்பட்டார். அந்தப் பதிவு இன்றும் இருக்கிறது. எங்கிருந்து வந்தாய்? தெரியாது என்றார். இது எந்த ஊர்? ஈலி என்றார், பிழை. இன்று என்ன நாள்? தெரியவில்லை. வாரத்தில் எத்தனை நாள்? ஏழு என்றார், ஆனால் பெயர் சொல்ல முடியவில்லை. எத்தனை கணவர்? மூன்று என்றார், ஒருவர் பெயர்தான் நினைவில் இருந்தது. 40 பென்ஸில் எத்தனை ஷில்லிங்? தெரியாது. 20 குரோட் வெள்ளிக்காசு வேண்டுமா, 40 பென்ஸ் வேண்டுமா? இரண்டும் ஒன்றுதான் என்றார். ஒரு குரோட் 4 பென்ஸ், ஆகவே 20 குரோட் 80 பென்ஸ். தன்னையும் தன் சொத்தையும் பார்த்துக்கொள்ள இவருக்கு ஆற்றல் இல்லை என்று முடிவானது.

அந்த முடிவு சரியாகவே இருந்திருக்கலாம். நான் கவனிக்கச் சொல்வது கேள்விகளை. நாள், ஊர், காசுக் கணக்கு. உன் வீட்டை யார் பார்த்துக்கொள்ள வேண்டும்? யாரை நீ நம்புகிறாய்? யாருக்குப் பயப்படுகிறாய்? இப்படி ஒரு கேள்வியும் அந்தப் பட்டியலில் இல்லை.

🔹 பேய் துரத்தும் மனிதர் எழுதிய மரண சாசனம்

அடுத்த பெரிய திருப்பம் 1870இல் வந்தது. வடக்கு இங்கிலாந்தில் கெஸ்விக் என்ற சிற்றூரில் ஜோன் பேங்ஸ் என்பவர் வாழ்ந்தார். ஒருகாலத்தில் மனநோயாளர் விடுதியில் இருந்து வந்தவர். ஏற்கெனவே இறந்துபோன ஒரு மனிதர் தன்னைத் துரத்துகிறார், கெட்ட ஆவிகள் தொல்லை செய்கின்றன என்று கடைசிவரை நம்பியவர். ஆனால் காசு விஷயத்தில் கவனமானவர்.

1863இல் அவர் மரண சாசனம் எழுதினார். தன்னோடு வாழ்ந்துவந்த, தன் உடன்பிறப்பின் மகளான மார்கரெட் குட்ஃபெலோவுக்குத் தன் 15 வீடுகளையும் கொடுத்தார். 1865இல் இறந்தார். கொஞ்சக் காலத்தில் அந்தப் பெண்ணும் இறக்க, சொத்து பேங்ஸுக்கு இரத்த உறவில்லாத ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது. இதைப் பொறுக்காமல் பேங்ஸின் குடும்பத்தார் ஒருவர் வழக்குப் போட்டார். பேய் துரத்துகிறது என்று சொன்ன மனிதர் எழுதியது எப்படிச் செல்லும் என்பதுதான் வாதம்.

அதற்கு முன் வந்த சில தீர்ப்புகள் அவர் பக்கம் இருந்தன. மனம் என்பது ஒன்று, அதில் ஓர் இடம் கெட்டால் முழுவதும் கெட்டதாகத்தான் கொள்ள வேண்டும் என்று அவை சொல்லியிருந்தன. பிரதம நீதியரசர் கொக்பேர்ன் வழங்கிய தீர்ப்பு இதை ஏற்கவில்லை. ஒருவருக்கு மனநோய் இருக்கிறதா என்பது கேள்வி அல்ல, அந்த நோய் இந்தச் சாசனத்தைத் தொட்டதா என்பதே கேள்வி என்றது. மரண சாசனம் என்றால் என்ன, அதனால் என்ன நடக்கும் என்று அவருக்கு விளங்குகிறதா? தன் சொத்து எவ்வளவு என்று ஏறக்குறையத் தெரியுமா? தன் மீது உரிமை கோரக்கூடியவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்க்க முடிகிறதா? நோயால் வந்த ஏதாவது பொய் நம்பிக்கை அவருடைய பாசத்தைக் கெடுத்து அவரை இப்படி எழுத வைத்ததா? இவைதான் கேட்க வேண்டியவை. பேங்ஸ் தன்னைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்குக் கொடுத்தார். பேய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சாசனம் செல்லும்.

150 வருடங்களுக்கு மேலாகியும், ஆங்கிலச் சட்டத்தின் வழிவந்த பல நாடுகளில் மரண சாசன வழக்குகளில் இந்த அளவுகோல்தான் எடுத்துக்காட்டப்படுகிறது.

🔹 நம் நாட்டுக்கு வந்தது

இலங்கையில் காணி உறுதிக்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருவது. அதன் நோக்கமே மோசடியைத் தடுப்பதுதான். எழுத வாசிக்கத் தெரியாதவருக்கு நொத்தாரிசு உறுதியை வாசித்து விளங்கப்படுத்த வேண்டும். சாட்சி என்பவர் வெறும் கையொப்பம் போட வந்தவர் அல்ல. நம் ஊரில் சாட்சிக்கு ஆள் பிடிக்கும் விதத்தைப் பார்த்தால் இதை எத்தனை பேர் யோசித்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

1873இல் மனநோயாளர் பற்றிய கட்டளைச் சட்டம் வந்தது. 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை, சொத்துள்ள ஒருவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று சொல்லப்பட்டால் மாவட்ட நீதிமன்றம் விசாரிக்கலாம் என்றது. அங்கே இரண்டு விஷயங்கள் சேர்ந்து நிரூபிக்கப்பட வேண்டும். சித்த சுவாதீனம் இல்லை என்பது ஒன்று. அதனால் தன் காரியங்களை நடத்த முடியாதவர் என்பது மற்றது. இரண்டும் இருந்தால் சொத்தை நிர்வகிக்க ஒருவரை நீதிமன்றம் நியமிக்கும். அவர் நீதிமன்றத்துக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்.

இந்தப் பழைய முறையில் ஒரு நன்மை உண்டு, ஒரு குறையும் உண்டு. நன்மை, முடிவைச் சொல்வது நீதிபதி, சம்பந்தப்பட்ட பிள்ளை அல்ல. குறை, அது மனிதரை மொத்தமாக இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் நிறுத்திவிடுகிறது. மஃதூஹ் பற்றி மேலே சொன்னேனே, அந்த நடுநிலைக்கு அதில் இடம் குறைவு. நம் பேச்சிலும் அப்படித்தான். கோபம் வந்தால் "அங்கொடைக்கு அனுப்பணும்" என்கிறோம். ஒரு வைத்தியசாலையின் ஊர்ப் பெயரை ஏச்சாக மாற்றிய சமூகம் நாம்.

🔹 காலை வெட்ட மறுத்த நோயாளி

1993இல் லண்டனில் வந்த ஒரு வழக்கு. கடும் மனநோய் உள்ள குற்றவாளிகளை வைத்திருக்கும் பிராட்மோர் வைத்தியசாலையில் 68 வயது நோயாளி ஒருவர் இருந்தார். ஸ்கிட்சோஃப்ரினியா நோய் உள்ளவர். தான் உலகப் புகழ்பெற்ற வைத்தியர், தன் கையில் ஒரு நோயாளிகூட இறந்ததில்லை என்று நம்புபவர். அவருடைய பாதம் அழுகத் தொடங்கியது. முழங்காலுக்குக் கீழே வெட்டாவிட்டால் பிழைக்க 15 சதவீத வாய்ப்புத்தான் என்றார் சத்திரசிகிச்சை நிபுணர். நோயாளி மறுத்துவிட்டார்.

பைத்தியக்காரன் பேச்சு என்று தள்ளிவிடுவது எவ்வளவு எளிது! ஆனால் நீதிபதி தோர்ப் வேறு விதமாகப் பார்த்தார். வெட்டாவிட்டால் சாகலாம் என்பது இந்த மனிதருக்கு விளங்குகிறதா? விளங்குகிறது. அதை நம்புகிறாரா? நம்புகிறார். நன்மை தீமையை நிறுத்துப் பார்த்து முடிவெடுத்தாரா? எடுத்தார். இறைவன் உதவியாலும் நல்ல வைத்தியர், தாதியர் உதவியாலும் பிழைப்பேன் என்றுதான் அவர் சொன்னார். அவருடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் காலை வெட்டக்கூடாது என்று தீர்ப்பு வந்தது. அதற்குள் வெட்டாமல் செய்த சிகிச்சையிலேயே அந்த ஆபத்தும் கடந்துவிட்டிருந்தது.

இந்த வழியில்தான் இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டு மன ஆற்றல் சட்டம் உருவானது. அது நம் நாட்டுச் சட்டம் அல்ல. ஆனால் அதன் அளவுகோல் எந்த வீட்டுக்கும் உதவும். ஒருவர் ஒரு விஷயத்தில் முடிவெடுக்க முடியாதவர் என்று சொல்வதற்கு முன் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும். அந்த விஷயம் அவருக்கு விளங்குகிறதா? முடிவெடுக்கும் அளவு நேரத்துக்காவது மனதில் நிற்கிறதா? நிறுத்துப் பார்க்க முடிகிறதா? பேச்சாலோ சைகையாலோ ஏதாவது வழியில் தன் முடிவைத் தெரிவிக்க முடிகிறதா?

அதோடு அந்தச் சட்டம் சில அடிப்படைகளையும் வைத்தது. எதிர்மாறாக நிரூபிக்கும்வரை எவரும் ஆற்றல் உள்ளவர்தான். செய்யக்கூடிய உதவி எல்லாம் செய்து பார்க்காமல் அவரால் முடியாது என்று சொல்லக்கூடாது. மற்றவர் பார்வையில் புத்திசாலித்தனமில்லாத முடிவு என்பதற்காக ஒருவரை ஆற்றல் இல்லாதவர் ஆக்கக்கூடாது. உண்மையிலேயே முடியாதவர் என்றால், அவருக்காக எடுக்கும் முடிவு அவருடைய நலனுக்காக இருக்க வேண்டும், அவர் சுதந்திரத்தை இயன்றவரை குறைவாகவே தொட வேண்டும்.

🔹 30 புள்ளிப் பரீட்சை

கிளினிக்கில் வயதானவர்களிடம் ஒரு சிறு பரீட்சை வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். இன்று என்ன திகதி? இது எந்த ஊர்? 100இலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள். நான் சொன்ன மூன்று சொற்களைத் திரும்பச் சொல்லுங்கள். 1975இல் அமெரிக்காவில் வெளியான, 30 புள்ளி கொண்ட சோதனை அது. மறதி நோயைக் கண்டுபிடிக்கவும், அது கூடுகிறதா என்று பார்க்கவும் நல்ல கருவி.

ஆனால் 1383இல் எம்மாவிடம் கேட்ட கேள்விகளை ஒருமுறை திரும்பப் பாருங்கள். நாள், ஊர், கணக்கு. கிட்டத்தட்ட அதேதான்! ஆகவே யாராவது அந்தப் புள்ளியைக் காட்டி, "டொக்டரே சொல்லிட்டார், உம்மாக்கு 18தான். இனி அவட பேச்சு எடுபடாது" என்றால் ஏற்காதீர்கள். 18 புள்ளி எடுத்த உம்மாவுக்கு இன்று வெள்ளியா சனியா என்று தெரியாமல் இருக்கலாம். ஆனால் எந்த மகள் வீட்டில் இருந்தால் தனக்கு நிம்மதி என்று தெளிவாகத் தெரிந்திருக்கலாம். மறுபக்கம், 27 புள்ளி எடுத்த வாப்பாவுக்குத் திகதி சரியாகத் தெரியலாம். ஆனால் கையொப்பம் வைத்தால் வீடு தன் கையை விட்டுப் போய்விடும் என்பது விளங்காமல் இருக்கலாம்.

2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒருவரின் சட்ட உரிமையைப் பறிப்பதைவிட, அவர் தானே முடிவெடுக்கத் தேவையான உதவியைக் கொடுப்பது அரசின் கடமை என்றது. இலங்கை அதை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. ஹப்பான் (ரழி) அவர்களுக்குக் கிடைத்த வழி நினைவுக்கு வருகிறதா?

🔹 நம் வீட்டில் என்ன செய்யலாம்?

வகுப்பில் ஒரு பாடம் விளங்கியதா என்று பார்க்க, "விளங்கிச்சா?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் "ஓம் சேர்" என்பார்கள். சொந்த வார்த்தையில் சொல்லச் சொன்னால்தான் உண்மை தெரியும். பெரியவர்களிடமும் அதேதான். என் சிறு ஆலோசனைகள் சில:

1. கேள்வியை முதலில் சரியாகப் பிரியுங்கள். "உம்மாக்குப் புத்தி இருக்கா?" என்பது கேள்வி அல்ல. "இந்த ஒப்பரேஷன் செய்வதா என்று உம்மாவால் முடிவெடுக்க முடியுமா?", "இந்தக் காணியை எழுதிக் கொடுப்பது அவவுக்கு விளங்குதா?" என்பதுதான் கேள்வி. என்ன சாப்பிடுவது, எங்கே தங்குவது என்ற முடிவுகளை எடுக்கக்கூடிய ஒருவர் காணி விற்கும் முடிவை எடுக்க முடியாதவராக இருக்கலாம். ஒன்றில் முடியாது என்பதற்காக எல்லாவற்றையும் பறிக்காதீர்கள்.

2. நேரம் பாருங்கள். பலருக்குக் காலையில் தெளிவு, மஃரிபுக்குப் பிறகு குழப்பம். மூக்குக் கண்ணாடி, காதுக் கருவி இருக்கிறதா என்று பாருங்கள். திடீரென்று வந்த குழப்பம் என்றால் அது மறதி நோயாகவே இருக்க வேண்டும் என்றில்லை. சலத்தில் கிருமித் தொற்று, சீனி இறங்குவது, புது மருந்து ஆகியவற்றாலும் வரும், சிகிச்சையில் மாறவும் மாறும். முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். அந்தக் கிழமையில் உறுதி எழுத ஓடாதீர்கள்.

3. நன்மை அடையப்போகிறவர் அறையை விட்டு வெளியே இருக்கட்டும். நொத்தாரிசோ வைத்தியரோ பெரியவரோடு தனியாகப் பேசட்டும். நேர்மையான பிள்ளைக்கு இது ஒரு பாதுகாப்பு. நாளைக்கு யாரும் விரல் நீட்ட முடியாது.

4. சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். "இது என்ன உறுதி? எழுதினாப் பிறகு வீடு யாருட? நீங்க மௌத்தாகும்வரை அங்க இருக்கிற உரிமை உங்களுக்கு இருக்கா? மத்தப் பிள்ளைகளுக்கு என்ன?" தலையாட்டுவது பதில் அல்ல.

5. ஒரு தடவை போதாது. சில நாள் கழித்துத் திரும்பக் கேளுங்கள். அதே விருப்பம், அதே காரணம் வந்தால் மனதுக்குத் தைரியம். ஒவ்வொரு தடவையும் கடைசியாக வந்து போன பிள்ளையின் பெயர் மட்டும் வந்தால் நிறுத்துங்கள்.

6. முடிவு உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பது, அவருக்குப் புத்தியில்லை என்பதற்கு ஆதாரம் அல்ல. மருந்து வேண்டாம், இந்த வீட்டை விட்டு வரமாட்டேன், என் காசில் ஒரு பகுதியை மத்ரஸாவுக்குக் கொடுக்கப் போகிறேன் என்றால் வாதாடுங்கள், விளங்கப்படுத்துங்கள். ஆனால் புத்திக் குறை என்ற முத்திரையைத் தூக்காதீர்கள். பங்குரிமை, மரணப் படுக்கையில் கொடுக்கும் அன்பளிப்பு போன்றவற்றுக்கு மார்க்கத்தில் தனியான சட்டங்கள் உண்டு. அவற்றை உலமாக்களிடம் கேளுங்கள். அது வேறு கேள்வி, புத்தி வேறு கேள்வி.

7. உண்மையிலேயே விளங்கவில்லை என்று தெரிந்தால், கையைப் பிடித்து மையில் தோய்த்து விரலடையாளம் எடுக்காதீர்கள். அது உறுதி அல்ல, களவு. சட்டத்தரணி ஒருவரைக் கண்டு மாவட்ட நீதிமன்ற வழியைக் கேளுங்கள். அப்போதும்கூட, முடிவெடுக்க முடியாதவருக்கும் விருப்பம் என்று ஒன்று இருக்கும். எந்த அறை, யார் குளிப்பாட்டுவது, யாரைப் பார்க்க ஆசை என்று கேளுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களைச் சாட்சிக்கு அழைத்தால், பேனையை எடுக்கும் முன் அந்தப் பெரியவரோடு ஐந்து நிமிடம் தனியாகப் பேசக் கேளுங்கள். விடமாட்டோம் என்றால் ஒப்பமிடாமல் எழும்பி வாருங்கள். இந்த ஒரு பழக்கம் வந்தாலே நம் ஊரில் பாதிக் காணிப் பகை பிறக்காது என்று நினைக்கிறேன்.

சட்டத்தரணிகள், வைத்தியர்கள், மௌலவிமார் இந்தப் பதிவை வாசித்தால், நான் விட்ட விஷயங்களைக் கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கும் பயன்படும். குறிப்பாக, உறுதி எழுதும் முன் வைத்தியரின் சான்றிதழ் பெறுவது எப்படி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பலர் இன்பொக்ஸில் கேட்கும் விஷயம் அது.

வயதான வாப்பா உம்மா வீட்டில் உள்ள பிள்ளைகளுக்குப் பகிருங்கள். அவர்களிடம் விருப்பத்தைக் கேட்க இன்றைக்கே தொடங்குங்கள். நினைவு நன்றாக இருக்கும்போது கேட்டு வைத்தது, பிறகு நினைவு போனாலும் உதவும்.

அல்லாஹ் நம் பெற்றோருக்கு நல்ல சுகத்தையும், நமக்கு அவர்கள் விஷயத்தில் நீதியையும் தருவானாக.